மஞ்சத் தண்ணியும் மண்ணுல இருக்கிற பூஞ்சையும்

தலைமை தாங்கற ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு பொன்னாடை போத்தின உழவர் மன்றத் தலைவர் ஐயா அவர்களே, மைதானத்த குடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, களை வெட்ற வேலைய போட்டுட்டு வந்திருக்கிற தாய்மாருங்களே, எல்லாருக்கும் வணக்கம். பூஞ்சை, மண்ணையும் தண்ணியையும் கெடுக்குற குரோமியம் கழிவு, கிராம சபைனு மூணு விஷயம் பேச வந்திருக்கேன்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும்னு நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன். மல்லாட்டை விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்குறோமே, அது ஒரு பூஞ்சைதான். அதுலயும், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம்ங்கிற வேற பூஞ்சைங்கள்லயும் சில ரகம், தோல் பதனிடுற தோல் ஷாப் கழிவு ஊறின மண்ணுலயே பொழச்சு கெடக்குது, அதோட செல் சுவர்ல இருக்கிற கைட்டின்ங்கிற பொருள் உலோகத்த இழுத்து பிடிச்சுக்குது, சில ரகம் புற்றுநோய் வரவைக்கிற ஹெக்சாவேலண்ட் குரோமியம்ங்கிற உலோக வடிவத்த, தண்ணியில சுலபமா கரையாத வேற வடிவமா மாத்திடுது.

எங்க பெரியப்பா ராணிப்பேட்டை பக்கம் போர் போட்டாரு. கற்பூரம் ஏத்தி, தேங்கா ஒடச்சு, மோட்டார போட்டா தண்ணி நல்ல மஞ்சளா வருது, பெரியம்மா உடனே மாரியாத்தாளே வந்துட்டானு கன்னத்துல போட்டுக்கிச்சு, ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் சொம்பு எடுத்துட்டு வந்து புடிச்சிட்டு போனாங்க, சாமி ரூம்ல வச்சாங்க, கடைசில ஆடு வாய வச்சிட்டு முகத்த திருப்பிக்கிச்சு பாருங்க, அப்பதான் பெரியப்பா மோட்டார நிறுத்தினாரு!

அந்த ஹெக்சாவேலண்ட் குரோமியம் இருக்கிற குரோமேட் கழிவு எறங்கினா தண்ணி அப்படித்தான் மஞ்சளா வரும். அதே ராணிப்பேட்டையில மூடிப்போன ஒரு ஆலையோட கழிவு மட்டுமே லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கெடந்துச்சு. அந்த குவியல பூஞ்சை திங்காது, உலோகத்த எதுவும் அழிக்க முடியாது, அத மொத்தமா அள்ளி பத்திரமா அடைக்கணும். அள்ளினப்பறம் சுத்துப்பட்டு நெலத்துல லேசா பரவி நிக்குதே, அங்கதான் சிறு துரும்பு பல் குத்தும்.

ஆனா எந்த நெலத்துல எவ்வளவு இருக்குனு யாரு அளந்தா? 1996-ல தோல் ஷாப் கழிவு பத்தின வேலூர் வழக்குல சுப்ரீம் கோர்ட் கெடுத்தவன்தான் செலவு பண்ணணும்னு தீர்ப்பே குடுத்துடுச்சு. அதனால வருஷா வருஷம் கிணத்து தண்ணிக்கும் மண்ணுக்கும் குரோமியம் டெஸ்ட் எடுக்கணும், ரிசல்ட்ட பஞ்சாயத்து போர்டுல ஒட்டணும், ஆகஸ்ட் 15 கிராம சபையில இதுதான் நம்ம தீர்மானம். அம்மா, நீங்கதான் முன்மொழியணும். நகல் எழுதி அந்த மேஜைல வச்சிருக்கேன், டீ குடிக்க போறதுக்கு முன்ன எல்லாரும் கையெழுத்து போட்டுடுங்க.