மாணவர் வலைப்பூவுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அவையில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம்.

எடுத்துக்கொண்ட பொருள் சின்னதுபோலத் தெரியும். மாணவர்கள் வலைப்பூ எழுதுகிறார்கள், அதற்கு மதிப்பெண் போட வேண்டும். வருஷக்கணக்காகக் கட்டுரை நோட்டுத் திருத்தியவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கட்டுரைக்கு வாசகர் ஒரே ஒருவர், அவர் கையில் சிவப்புப் பேனா. வலைப்பதிவை வகுப்பே படிக்கிறது. படித்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்லலாம், திருத்தலாம், அடுத்த பதிவில் தொடரலாம். நோட்டுத் திருத்தும் அதே கண்ணோடு பார்த்தால் இவை எதற்கும் மதிப்பெண் விழாது. அதனால் தனித்தனிப் பதிவோடு நிற்காதீர்கள், ஒரு பதிவு வெளியானதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தண்ணீர் சிக்கனம் பற்றி இரண்டு மாணவர்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பதிவு இப்படி: "நீர் உயிர்களின் ஆதாரம். ஒவ்வொரு துளியும் விலைமதிப்பற்றது. நீரைச் சேமிக்க அனைவரும் உறுதி ஏற்போம்." ஒரு பிழையும் கிடையாது. இரண்டாவது பதிவு: "எங்க பள்ளியில ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. அடியில ஒரு லிட்டர் பாட்டில் வச்சேன். நிரம்ப 40 நிமிஷம் ஆச்சு. அப்படின்னா ஒரு நாளைக்கு 36 லிட்டர்." வழக்கமான திருத்தலில் முதலாவதற்குப் பத்துக்கு எட்டும், பேச்சு நடைக்காக இரண்டாவதற்கு ஐந்தும் கிடைத்துவிடும்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டாவது பதிவின் கீழே வகுப்புத் தோழி ஒருத்தி பின்னூட்டம் இடுகிறாள்: "பகல்லதானே அளந்தே? மத்தக் குழாயெல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தம் கூடுமே, அப்பவும் 40 நிமிஷமா?" இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவின் அடியில் தேதியோடு ஒரு சேர்க்கை வருகிறது: "காலையில பள்ளி திறக்கும் முன்னாடி மறுபடி அளந்தேன். 25 நிமிஷத்துலயே நிரம்பிடுச்சு. நான் சொன்ன 36 லிட்டர் குறைவான கணக்கு." முதல் மாணவரின் பதிவுக்கு "அருமை", "சூப்பர்" என்று பன்னிரண்டு பின்னூட்டங்கள் வந்திருக்கலாம். ஆனால் வலைப்பூ என்ற ஊடகத்தைப் பயன்படுத்தியவர் இரண்டாமவர்தான். நம் மதிப்பீட்டு முறையில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் முறையில்தான் கோளாறு.

அனுபவமுள்ள ஆசிரியருக்குப் படித்தவுடனே தரம் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியும்தான், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகத் தெரியும். அமெரிக்காவில் தேர்வுகள் நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் பால் டைடெரிக்கும் சகாக்களும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், பல துறைகளைச் சேர்ந்த 53 பேர் 300 கட்டுரைகளை ஒன்பது தரங்களாகப் பிரித்தார்கள். 94 சதவீதக் கட்டுரைகளுக்குக் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழையைப் பார்த்தார், இன்னொருவர் சொல்லாட்சியைப் பார்த்தார். எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் நமக்கும் இதே கதிதான்.

அதற்குத்தான் ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை. ஐந்து கூறுகள் போதும். பத்துப் பன்னிரண்டு வைத்தால் மூன்றாவது மாணவருக்கு வருவதற்குள் கை தானாக டிக் போட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 4 வரை நிலை கொடுங்கள். ஐந்து நிலை வைத்தால் தயங்குகிற இடத்திலெல்லாம் நடுவில் இருக்கும் 3ஐப் போட்டுவிடுவோம். நான்கில் நடு கிடையாது. கருத்துக்கு மூன்று பங்கு, ஆதாரத்துக்கும் இணைப்புகளுக்கும் மூன்று, உரையாடலுக்கும் திருத்தத்துக்கும் இரண்டு, வாசகரை மனதில் வைத்து எழுதியதற்கு ஒன்று, மொழிப் பிழையின்மைக்கு ஒன்று என்று நிலையைப் பங்கால் பெருக்கினால் மொத்தம் 40. மொழிக்கு வெறும் 4 தானா என்று தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம். ஒற்றுப்பிழையைத் திருத்தச் சொல்லுங்கள், அவசியம் சொல்லுங்கள். ஆனால் மொழிக்குப் பத்துப் பதினைந்து ஒதுக்கினால், பிழை இல்லாத வெற்றுப் பதிவு முதலிடத்துக்கு வந்துவிடும்.

அட்டவணையில் "நன்று", "மிக நன்று" என்று எழுதி வைப்பதில் பயனில்லை. கண்ணுக்குத் தெரிகிறதை எழுத வேண்டும். ஆதாரம் என்ற கூறை எடுத்துக்கொள்வோம். இணைப்பே இல்லை, அல்லது ஏதோ ஒரு தளத்தின் முகப்புப் பக்கத்துக்கு இணைப்பு என்றால் நிலை 1. இணைப்பு திறக்கிறது, தலைப்பும் பொருந்துகிறது, ஆனால் மாணவர் சொன்ன தகவல் அந்தப் பக்கத்தில் இல்லை என்றால் 2. தகவல் இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்பதை இணைப்பு கொடுத்த சொற்களே சொல்கின்றன என்றால் 3. இரண்டு ஆதாரங்களை ஒப்பிட்டிருந்தாலோ, தானே அளந்து, அளந்த விதத்தையும் பிறர் செய்துபார்க்கும்படி எழுதியிருந்தாலோ 4. குழாய் பதிவு இணைப்பே இல்லாமல் 4 வாங்கும், கவனியுங்கள். "மேலும் அறிய இங்கே சொடுக்கவும்" என்பது 3க்குப் போகாது. இணைப்பைத் திறந்து பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பத்து இணைப்பு ஒட்டிய பதிவு ஏமாற்றிவிடும். மாணவருக்கு இரண்டிரண்டு இணைப்பாவது திறந்து படியுங்கள்.

பின்னூட்டத்துக்கு வருவோம். மாணவர் பெற்ற பின்னூட்டத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், அவர் மற்றவர்களுக்கு எழுதியதற்குக் கொடுங்கள். பெற்ற எண்ணிக்கை அவருடைய நண்பர் வட்டத்தின் அளவு, வேறொன்றும் இல்லை. பார்வை எண்ணிக்கையும் அப்படித்தான், மாமாவும் சித்தியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் ஏறிவிடும். "வாரம் இரண்டு பின்னூட்டம் கட்டாயம்" என்று விதி போட்டால் வாரம் இரண்டு "அருமை" நிச்சயம் கிடைக்கும். "பதிவில் ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைப் பற்றி ஒரு கேள்வியோ ஒரு புதுத் தகவலோ சேர்க்க வேண்டும்" என்று கேளுங்கள். மாதம் இரண்டு வந்தால் போதும்.

பதிவு எண்ணிக்கையிலும் இதே தொல்லை உண்டு. பருவத்துக்குப் பன்னிரண்டு பதிவு என்றால், கடைசி நான்கு நாளில் ஒன்பது வந்து குவியும். உரையாடலுக்கு நேரமே இருக்காது. ஆறு வைத்து, இரண்டு பதிவுக்கு நடுவே குறைந்தது பத்து நாள் இடைவெளி என்று சொல்லுங்கள். வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலும் வெளியீட்டுத் தேதியைப் பின்னோக்கி மாற்ற முடியும். அது தெரிந்த மாணவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார். வாரம் ஒருமுறை வகுப்புப் பதிவுகளின் பட்டியலை எடுத்துச் சேமித்து வைத்தால் போதும், சண்டை வராது.

அத்தனையையும் படிக்க நேரம் ஏது? 30 மாணவர், ஆளுக்கு 6 பதிவு என்றால் 180 பதிவு. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 30 மணி நேரம். யாராலும் ஆகாது. மாதிரி எடுங்கள். மாணவர் தன்னுடைய சிறந்தவை என்று இரண்டைத் தேர்ந்து தரட்டும், மூன்றாவதை நீங்கள் குலுக்கிப் போட்டு எடுங்கள். வேலை பாதியாகும். எந்தப் பதிவும் மாட்டலாம் என்பதால் எதையும் ஒப்புக்கு எழுத மாட்டார்கள். தேர்ந்த இரண்டோடு, ஏன் இவை, எங்கே திருத்தினேன் என்று நூறு சொல்லில் ஒரு குறிப்பும் வாங்குங்கள். உரையாடல், திருத்தம் என்ற கூறுக்கு அது வழிகாட்டும்.

பளபளப்பான வடிவமைப்பு கண்ணைக் கட்டும். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களை மதிப்பிட்டபோது, ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற குணங்களுக்குப் போட்ட மதிப்பையும் இழுத்துக்கொண்டு போனதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் காட்டினார். இங்கே அந்த வேலையை வண்ணமும் படமும் செய்யும். உலாவியின் வாசிப்பு முறையில் (ரீடர் மோட்), வெறும் எழுத்தாக முதலில் படித்து நிலையைக் குறித்துவிட்டுப் பிறகு அசல் பக்கத்தைத் திறங்கள். ஒரு மாணவருக்கு ஐந்து கூறையும் ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு கூறை எல்லாருக்கும் முடித்துவிட்டு அடுத்த கூறுக்குப் போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றுங்கள்.

தொடங்குமுன் இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் அதே ஐந்து பதிவுகளுக்கு நிலை போட்டு ஒப்பிடுங்கள். ஒரு நிலை வித்தியாசம் சகஜம். இரண்டு நிலை வந்தால் அட்டவணையின் வாசகத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் "தெளிவான", "ஆழமான" போன்ற சொல்லில்தான் இடறும். அட்டவணையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உளவியலாளர் லூயி தர்ஸ்டன் 1927இல் வகுத்த ஒப்பீட்டு முறைதான் அதற்கு அடிப்படை. இரண்டிரண்டாக வைத்து எது மேல் என்று மட்டும் சொல்வது. 30 பதிவும் தலா பத்து முறை வருவதற்கு 150 ஜோடி, ஐந்து ஆசிரியர் பகிர்ந்தால் ஆளுக்கு 30. தரவரிசை நன்றாகக் கிடைக்கும். ஆனால் மாணவரிடம் "எதை மாற்ற வேண்டும்" என்று சொல்ல அதில் எதுவும் இருக்காது. அதனால் ஆண்டிறுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை எப்போது சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. முதலில் இரண்டு மூன்று வரியில் குறிப்புரை, ஒரு வாரம் திருத்த அவகாசம், அதன் பிறகு எண். குறிப்புரையைப் பொதுவில் பின்னூட்டமாகப் போடாமல் தனியாக அனுப்புங்கள்.

இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதையும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததையும் கண்டுபிடிப்பது எப்படி என்று கட்டாயம் கேட்பீர்கள். கண்டறியும் கருவிகளை நம்பித் தண்டிக்காதீர்கள், தானே எழுதிய மாணவரையும் அவை மாட்டிவிடும். வேர்ட்பிரஸில் முந்தைய திருத்தங்கள் சேமிப்பில் இருக்கும். கூகுள் டாக்ஸில் வரைவு எழுதினால் பதிப்பு வரலாறு இருக்கும். ஒரே ஒட்டலில் 400 சொல் வந்து விழுந்திருந்தால், வேறெங்காவது தட்டச்சு செய்தும் ஒட்டியிருக்கலாம் என்பதால் தீர்ப்புச் சொல்லாமல் கூப்பிட்டுப் பேசுங்கள். "இந்தப் பத்தியில் ஏன் இந்த ஆதாரத்தை நம்பினாய்?" என்ற ஒரு கேள்வி போதும்.

"சொந்தக் குரல்" என்று ஒரு கூறைப் பல அட்டவணைகளில் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் வீட்டுச் சண்டையையும் நோயையும் பொதுவெளியில் எழுதுவார்கள். சொந்தப் பார்வையைக் கேளுங்கள், சொந்த விவரத்தைக் கேட்காதீர்கள். முழுப்பெயரும் முகப்படமும் தராததற்காக யாருக்கும் குறைக்காதீர்கள். வகுப்புக்குள் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் அதே அளவுகோல்தான். பருவம் முடிந்து மதிப்பெண் பதிவானதும், தங்கள் பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகு எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை எழுதியவரே முடிவு செய்யட்டும்.