ராமானுஜனை விட்டுவிட்டு மாடிக்குப் போங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறோம், வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். என்னப்பா எடுக்கப் போகிறீர்கள் என்று முன்வரிசைத் தம்பி ஒருவரிடம் இப்போதுதான் கேட்டேன். "டிரோன் ஷாட்ல ஆரம்பிக்கிறோம் சார், அப்புறம் இங்க படிச்ச பெரிய ஆளுங்க" என்றார்.

டிரோனை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் இருக்கும் கருவிக்குப் பைலட் உரிமம் வேண்டாம், அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, உங்கள் இடம் டிரோன் பறக்கத் தடையுள்ள மண்டலத்தில் வருகிறதா என்று அதற்கான வரைபடத்தில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பெரிய ஆட்கள் விஷயம்தான் வில்லங்கம். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது, காவிரிக் கரை. உ.வே.சா. 1880 முதல் 1903 வரை அங்கேதான் தமிழ் சொல்லிக்கொடுத்தார், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததும் அந்த உத்தியோகத்தில் இருந்தபோதுதான். அவர் சென்னைக்குப் போன அடுத்த வருடம், 1904இல், ராமானுஜன் வந்து சேர்கிறார், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் உதவித்தொகையை இழக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் கேமராவை வைத்தால் என்ன ஆகும்? ஒரு பழைய புகைப்படம், கனத்த குரலில் வர்ணனை, பின்னணியில் வீணை, மறுபடியும் புகைப்படம். கட்டடம் நாடகத் திரைச்சீலை மாதிரி பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ராமானுஜன் உதவித்தொகையை இழந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆனால் அந்தக் காலத்து வகுப்பறையில் மத்தியானம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்காவது தெரியுமா? அதுதான் உங்கள் படம். பெரியவர்கள் வரட்டும், கட்டடத்தின் கதையில் எங்கே தேவையோ அங்கே மட்டும் வரட்டும்.

அதனால் முதலில் மாடிக்கு ஏறுங்கள், இல்லையென்றால் வகுப்பறையிலேயே அண்ணாந்து பாருங்கள். நம் பக்கத்துப் பழைய கட்டடம் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரைதான். தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் குறுக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சாய்கோணமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அப்புறம் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். காலை வெயில் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும்போது கீழே இருந்து எடுத்தால் அந்தச் செங்கல் வரிசையின் சாய்வு ஒவ்வொன்றாகத் தெரியும். நடுப்பகலில் எடுத்தால் வெறும் வெள்ளைக் கூரைதான்.

இதற்குள்ளேயே ஒரு கதையும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் ஒழுகுகிறது என்று யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள், ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும். எந்தச் சுவரில் பூசினார்கள், எப்போது, எவ்வளவு செலவு? அரசுக் கட்டடம் என்றால் பொதுப்பணித்துறையிடம் எஸ்டிமேட் இருக்கும், செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் எம் புக் இருக்கும். முதல்வரின் கடிதத்தோடு மரியாதையாகப் போய்க் கேளுங்கள். அதோடு ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டச் சொல்லுங்கள், எங்கே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று அவர் சத்தத்திலேயே சொல்வார், அதை மைக்கில் பிடியுங்கள்.

மைக் என்றதும் சொல்கிறேன், உயரமான கூடத்தில் எதிரொலி பேச்சைத் தின்றுவிடும். பேசுபவரின் சட்டையில் காலர் மைக்கைக் குத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடினால் கேமராவைத் திட்டாதீர்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்குக்கு வையுங்கள்.

ஒரே வாரத்தில் ஷூட்டிங்கை முடித்துவிட ஆசை இருக்கும், பரீட்சை வேறு வரும். முடியாது. நம் ஊர்க் கட்டடம் ஆற்றோடு சேர்ந்தது. சித்திரையில் காவிரி வெறும் மணல், மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தால் (திறக்காத வருடமும் உண்டு) அப்புறம்தான் கரையோரச் சுவருக்கு எதிரே தண்ணீர் வரும். ஐப்பசி அடைமழையில் எந்த வகுப்பில் வாளி வைக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றும் படத்தில் வேண்டும்.

குழு என்றால் சண்டை வரும், வரட்டும். ஆனால் எடிட்டிங் டேபிளில் கடைசி முடிவு ஒருவரிடம் இருக்கட்டும், அது யார் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே பேசிவிடுங்கள். எல்லோருடைய ஷாட்டும் இருக்க வேண்டும் என்று எடிட் செய்த படம் கல்யாண வீடியோ.

யாரை முதலில் பேட்டி எடுப்பது? பழைய மாணவர் சங்கத் தலைவரை அவசரமாகப் பிடிக்க வேண்டாம், அவர் எங்கேயும் போகமாட்டார். எந்த சுவிட்சை அழுத்தினால் எந்த அறையில் மின்சாரம் போகும், எந்த மாடிப்படி மழைக்காலத்தில் வழுக்கும், எந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை என்பதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்கும் வாட்ச்மேனுக்கும் அட்டெண்டருக்கும்தான் தெரியும். அவர்கள் எந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள், அந்த வரிசையிலேயே பேட்டி நாளைக் குறியுங்கள்.