களிமண்ணுக்குள் கைக்கோடரி

எல்லாருக்கும் வணக்கம். திருவள்ளூர்க்காரர்களிடம், கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கருவி கண்டதும், அதே ஆண்டு சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்ததும் நீங்கள் அறிந்த கதை. நான் சொல்ல வந்தது 1999-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய தொல்லியலாளர் சாந்தி பப்புவின் வேலையை.

அங்கே ஏடு ஏடாகப் படிந்த களிமண் அடுக்கு ஒன்று உண்டு. முன்பு ஆராய்ந்தவர்கள் அதை டைனோசர் காலத்துப் படிவு என்று நினைத்தார்கள். அப்படியானால் அதற்குள் கருவி எப்படி இருக்கும்? சாந்தி பப்புவும் அவருடன் ஆய்வு செய்த குமார் அகிலேஷும் அதற்குள்ளேயே இறங்கித் தோண்டினார்கள். உள்ளே கைக்கோடரிகள், அதாவது கையில் பிடித்து வெட்ட இருபுறமும் செதுக்கிய கற்கருவிகள்! டைனோசர் காலத்துப் படிவு என்று எண்ணியது, ஆற்று வெள்ளம் பரவி வடிந்து விட்டுப்போன வண்டல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. மெல்ல ஓடும் தண்ணீர் வண்டலைக் கொண்டுவரும். கையளவு கல்லைப் புரட்டிக் கொண்டுவராது. அப்படியென்றால் அந்தக் களிமண்ணில் கிடக்கும் பெரிய கற்கள் ஆள் சுமந்து வந்தவை. கருவி செய்யப் பெரிய சில்லுகளைப் பெயர்த்தெடுத்த மூலக்கல்லும் அங்கே இல்லை. வேறெங்கோ பெயர்த்து, அரைகுறையாகக் கொண்டுவந்து, இங்கே முடித்திருக்கிறார்கள். நாளைய வேலைக்கு இன்றே கல் தேர்ந்தெடுத்த மனம் அது.

குவார்ட்சைட் என்ற கடினமான கல்லில் செய்த கைக்கோடரி ஒன்றை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சில்லு தெறித்த ஒவ்வொரு இடமும் சிறு குழிவாகத் தெரியும். ஒரு குழிவு இன்னொன்றின் விளிம்பை வெட்டிப்போனால், வெட்டியதுதான் பிந்திய அடி. எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று வரிசையே சொல்லிவிடலாம்.

காலத்தை எப்படிக் கணித்தார்கள்? வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்ததும் அது நின்றுபோகும். இருந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியம் சீக்கிரம் குறையும், பெரிலியம் மெதுவாக. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் புதைந்த காலம் தெரியும். மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

2018-இல் அடுத்த கட்டுரை வந்தது. மேல் அடுக்குகளில், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே, கைக்கோடரி குறைந்து லெவலுவா முறை வந்துவிட்டது. மூலக்கல்லை முன்கூட்டியே செதுக்கித் தயார்செய்து, வேண்டிய வடிவச் சில்லை ஒரே அடியில் பெயர்ப்பது அது. இந்தியாவுக்கு இந்த முறை மிகப் பிந்தித்தான் வந்தது என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

‘15 லட்சம் ஆண்டுத் தமிழன்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். அப்போது நம் மனித இனமே தோன்றவில்லை. அங்கே சில விலங்குப் பற்கள் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை. லெவலுவா சில்லுகளைச் செய்தது எந்த இனம் என்று கட்டுரை எழுதியவர்களும் அடித்துச் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓடைப் பக்கம் இப்படியொரு கல் கண்டால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத கல்லுக்கு வயது சொல்ல எந்த ஆய்வகமும் திணறும்.