அந்தக் கூடத்தின் சாவியைக் கொடுங்கள்

(பந்தலூர் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை நடந்த இளைஞர் கலைவிழாவில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் பேசிய மாதிரியே எழுதித் தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் கூடலூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, வருஷா வருஷம் பந்தல் செலவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் பஜார் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் கவுன்சிலர் அக்கா அவர்களே, ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், மாதா கோயில் ஃபாதர், பள்ளிவாசல் தலைவர் அவர்களே, தொழிற்சங்கத்து அண்ணன்மார்களே, துணி துவைக்க இருக்கும் ஒரே நாளையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்த தாய்மார்களே, மைக்செட் தம்பி, டீ போட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சிமார், எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லிசையும் சமூகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ராப் என்று நம் பிள்ளைகள் சொல்வது. மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, இந்தப் பாட்டு எங்கே எப்படிப் பிறந்தது. இரண்டு, இதைப் பாடுகிறவர்கள் ஏன் பல இடங்களில் இரண்டு இரண்டு பேராக வருகிறார்கள். மூன்று, நம் மலையிலேயே இருக்கிற பணியர் பழங்குடி மக்களின் துடி மேளத்துக்கும் இதற்கும் உள்ள உறவு.

என்னிடம் படித்தவர்களுக்கு நான் எங்கே தொடங்குவேன் என்று தெரியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நம் பாஷையில் அடி என்றால் தாளத்தில் விழுகிற அடி, பாட்டில் வருகிற வரியும் அடி, நாம் எடுத்து வைக்கிற காலும் அடிதான். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். சொல்லிசைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, எங்கே பிறந்தது? நியூயார்க் நகரத்தில் பிராங்ஸ் என்று ஒரு பகுதி. நடுவே பெரிய நெடுஞ்சாலை போடுகிறோம் என்று குடியிருப்புகளை இடித்து ஆயிரக்கணக்கானவர்களைக் கிளப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கறுப்பின மக்கள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடி. 1973 ஆகஸ்ட் 11, ராத்திரி. சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுத் துணி வேண்டும், கையில் காசு இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கான பொதுக்கூடம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்து ஒரு கொண்டாட்டம் வைத்தாள், பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு என்று நுழைவுக் கட்டணம் போட்டாள். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், பின்னால் டிஜே கூல் ஹெர்க் என்று உலகத்துக்கே தெரிந்தவர். பாட்டில் குரல் நின்று வெறும் மேளம் வரும் இடத்தில்தான் பிள்ளைகள் வெறிகொண்டு ஆடுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார், அந்த இடமோ சில நொடிகளில் முடிந்துவிடும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கி, இரண்டு மிஷினில் வைத்து, இது முடியும்போது அதை ஓடவிட்டு, அது முடியும்போது இதைத் திருப்பி, அந்த மேளத்தை நிற்காமல் ஓடவிடும் வித்தையை அவர் கொண்டுவந்தார். அதன் மேலே பேசினார்கள், பேச்சு பாட்டானது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்தக் கூடத்தை. ஸ்டுடியோவும் இல்லை, சபாவும் இல்லை. குடியிருக்கிற உழைக்கிற ஜனங்களுக்கென்று கட்டிய ஒரு பொதுக்கூடம், அதைத் திறந்துவிட ஒரு ஆள். இன்றைக்கு உலகம் முழுக்கக் கேட்கிற இசைக்கு முதல் முகவரி அதுதான். நம் மேட்டு லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் இருக்கிற கூடத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது விஷயம். ஏன் இரண்டு பேர்? பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லும்போது மூச்சு முட்டும். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும், வரியின் கடைசிச் சொல்லில் இரண்டு குரலும் சேர்ந்து விழ வேண்டும். இது நமக்குப் புதிதா? காமன் கூத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் விடிய விடிய லாவணி பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

அமெரிக்காவில் டெட் பிரெஸ் என்று இரண்டு பேர், பள்ளிக்கூடம், போலீஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கேள்வி கேட்டுப் பாடினார்கள், 2000த்தில் முதல் ஆல்பம் வந்தது. சியாட்டிலில் புளூ ஸ்காலர்ஸ், ஒருவர் பிலிப்பைன்ஸ் குடும்பம், இன்னொருவர் ஈரானியக் குடும்பம், வந்தேறிகள், கூலி வேலை செய்பவர்கள் பற்றிய பாட்டுகள். நம் ஊரில் தெருக்குறள், அறிவும் ஆஃப்ரோவும் 2019ல் கொண்டுவந்தது. சொல் ஒருவருடையது, தாளம் இன்னொருவருடையது. அந்த அறிவுதான் 2021ல் தன் பாட்டியைப் பற்றி உலகத்துக்கே கேட்கப் பாடினார். அவருடைய பாட்டி யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்தப் பாட்டு வந்தபோது என் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. நான் எட்டு வயதில் ஹட்டன் பக்கத்திலிருந்து அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் ராமேஸ்வரம் வந்தவன், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவன். 1964ல் இரண்டு பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள், அந்தக் கணக்கில் நாங்களும் அடக்கம். தாயகம் திரும்பியோர் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். நம்மைப் பற்றி ஒரு பாட்டு வர அதற்கப்புறம் இத்தனை வருஷம் ஆனது.

இப்போது நான் சொல்ல நினைத்த கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நம் லயத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் பிக்கப் ஓட்டுகிறான், ஒருத்தி காலேஜில் படிக்கிறாள், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா, அதாவது லயத்து வீடு. போன வருஷம் ஆடி மாதம், பத்து நாளாக விடாத மழை. இரண்டு பேரும் ராத்திரி எட்டு மணிக்கு இலை எடை போடுகிற கொட்டகையில் நின்றுகொண்டு, செல்போனில் தாளம் வைத்து, சத்தம் அடங்குவதற்காகத் தலையோடு ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாட்டு பதிவு செய்கிறார்கள். கூடம் பூட்டிக்கிடக்கிறது, பஜாருக்குப் போகலாம் என்றால் ஆறு மணிக்கு மேல் ரோட்டில் யானை. காவலுக்குச் சுற்றி வந்தவர் கம்பளிக்குள்ளே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு யாரோ என்னவோ என்று டார்ச் அடித்துச் சத்தம் போட, லயம் முழுக்க விளக்கு எரிந்தது. ஆளாளுக்குத் திட்டு. ஒரு பையனும் பொண்ணும் ஒரே கம்பளிக்குள்ளே என்றால் நம் ஜனம் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது.

அப்போது அவளுடைய அப்பாயி எழுந்து வந்தது. எண்பது வயதுக்கு மேல், தலையில் கொங்காணி மாதிரி ஒரு சாக்கு. "என்னாடி பண்ணுன, இங்க பாடிக் காட்டு" என்றது. அழுதுகொண்டே பாடினாள். பையனும் சேர்ந்துகொண்டான். அப்பாயி முழுதாகக் கேட்டது. கேட்டுவிட்டு என்ன சொன்னது தெரியுமா? "தேயிலைய பறிச்சோம்னு எழுதியிருக்கீங்க, பூவைத்தான் பறிப்பாக, நாங்க கொழுந்து கிள்ளுனோம். அரைப்பேர் போட்டத எங்க எழுதியிருக்க?" கூட்டத்தில் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மழையில், அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அது சொல்ல ஆரம்பித்தது. கூடை நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்தது. கிலோ குறைந்தால் முழு நாள் வேலைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டது. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடி, ஒரு நிமிஷம் பிந்தினால் திருப்பி அனுப்பியது. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதற்கு, எழுப்ப அங்கே இலங்கைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பார்களாம். "எப்பிடி அடிப்பாக அப்பாயி?" என்று பையன் கேட்டான். பக்கத்தில் கிடந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து மடியில் வைத்தது. இரண்டு விரல், அப்புறம் உள்ளங்கை. டண் டண், டம். டண் டண், டம். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அது எழுந்து ஓடிய தாளம் அது. நம் தாய்மார் சிலர் அந்த இடத்திலேயே அழுதார்கள். பையன் போனை டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். செல்போன் தாளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இப்போது அவர்கள் பாட்டில் கேட்பது அந்த டப்பா.

நம் குடியிருப்புக்கு லயம் என்று பெயர், தாளக்கட்டுக்கும் லயம் என்றுதான் பெயர். இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

டாக்டர், வக்கீல் வருவதற்கு முன்னாலேயே தங்கள் ஜனத்தின் கதையைக் கேட்டு வரிசையாக எழுதி வைக்கிற வேலை இது. சமூக வேலைக்கு இதுதான் முதல் அடி. ஆனால் பாட்டு மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கொடைக்கானலைப் பாருங்கள். அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலைப் பாதரசம் காட்டிலும் மண்ணிலும் கலந்தது, 2001ல் தொழிற்சாலை மூடினார்கள். 2015ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாடிய ராப் உலகம் முழுக்கப் போனது, 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பாட்டால் வந்தது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நடுவில் இருக்கிற 15 வருஷத்தைக் கணக்கெடுங்கள். அத்தனை வருஷம் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் நடந்தார்கள். அடிமேல் அடி. பாட்டு அதில் கடைசியாக விழுந்த பெரிய அடி. முன்னால் விழுந்தவை இல்லாமல் அது அம்மியைத் தொட்டிருக்காது.

ரெபெல் டியாஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். சிலி நாட்டிலிருந்து துரத்தப்பட்ட குடும்பம். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1973 செப்டம்பர் 11, நான் சொன்ன அந்த பிராங்ஸ் கொண்டாட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து. இந்த இருவரும் 2006ல் நியூயார்க்கில் குடியேறிகளின் உரிமை ஊர்வலத்தில் மேடையேறினார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தென் பிராங்ஸில் கைவிடப்பட்ட பழைய மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றைப் பிடித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து பாடவும் பதிவு செய்யவும் கூடிப் பேசவும் ஒரு இடமாக ஆக்கினார்கள். 2013ல் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இடத்தைப் பிடுங்கினால் பாட்டு நிற்கும் என்று பூட்டுப் போடுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் தெரிந்திருக்கிறது. அவர்கள் பாடுவதை விடவில்லை, அது வேறு.

ஆகவே நம் கூடம். பெரியவர்களெல்லாம் இங்கே இருப்பதால் நேராகவே சொல்கிறேன். நாற்பதடி நீளம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு டியூப்லைட், ஒரு மேடை. கட்டியது நமக்காக. ஆறு வருஷமாகப் பூட்டு. உள்ளே உடைந்த நாற்காலியும் பழைய உரச்சாக்கும். ஒரு ஆபீசில் கேட்டால் சாவி இன்னொரு ஆபீசில் என்கிறார்கள், அங்கே போனால் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள், எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் உத்தரவு வர வேண்டும் என்கிறார்கள். என் கையால் மட்டும் பதினோரு மனு எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மழையில் காம்பரா ஒழுகி நான்கு குடும்பம் தங்க இடமில்லாமல் நின்றபோது கேட்டோம், கிடைக்கவில்லை. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்து விடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம். யானை நடமாடுகிற மலையில் பிள்ளைகள் ராத்திரி பஜாருக்குப் போக முடியாது, காம்பராவுக்குள்ளே ஒரு அறையில் ஆறு பேர், படிக்கவும் இடமில்லை, பாடவும் இடமில்லை. கையில் இருப்பது போன், இல்லாவிட்டால் டாஸ்மாக் பாட்டில். எதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

கவுன்சிலர் அக்கா பேசிப் பார்க்கிறேன் என்று இப்போதுதான் மேடையில் சொன்னார்கள், நன்றி அக்கா. வழக்கறிஞர் ஐயா மனுவைப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள், அவருக்கும் நன்றி. திறந்துவிட்டால் கூட்டிப் பெருக்குவது, லைட் பில், இரண்டும் எங்கள் பொறுப்பு, எழுதியே கொடுத்துவிட்டோம்.

பணியர் துடி பற்றிப் பேச நேரமில்லை என்று மைக்செட் தம்பி கை காட்டுகிறார். அதைத் தெரிந்தவர்களே வந்து நம் கூடத்தில் வாசித்துக் காட்டட்டும், நான் பேசுவதைவிட அது மேல்.

பன்னிரண்டாவது மனு டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கார்பன் வைத்து இரண்டு பிரதி, பேனாவும் இங்க் பேடும் வைத்திருக்கிறேன். நாளை திங்கட்கிழமை, ஊட்டியில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். காலை முதல் பஸ், வருகிறவர்கள் ஐந்தரைக்கு வளைவில் நிற்க வேண்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயி முதல் ஆளாகக் கைநாட்டு வைத்துவிட்டது, அதுவும் வருகிறது, டப்பாவையும் கொண்டுவருகிறது. இப்போது அந்த இரண்டு பேரும் மேடைக்கு வரட்டும். இரண்டே பாட்டு, ஆறரைக்கு முன்னால் கலைய வேண்டும், நேற்றும் கீழ் ரோட்டில் யானை நின்றது.