ஆட்டத்தில் தெரியும் ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

செல்போனில் ஆடுகிற ஆட்டங்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் போனால் கெட்டுப்போகிறார்கள் என்று நான் புலம்பப் போவதில்லை. எனக்கு ஆட்டம் ரொம்பப் பிடிக்கும். சென்னையில் செல்போன் ஆட்டங்கள் செய்கிற ஒரு நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நாம் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆட்டம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது எதைப் பார்க்கிறது, பார்த்து என்ன செய்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன்.

முதலில் எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் தாயம் நடக்கும். சாக்பீஸால் கட்டம் போட்டு, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டி, புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும் காய்களாக வைத்து ஆடுவார்கள். ஆச்சி ஆடிக்கொண்டே எல்லோரையும் கவனிப்பாள். வெட்டு விழுந்ததும் முகம் சிவக்கிறவன் யார், தாயம் விழாமல் பத்து உருட்டு போனாலும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறவன் யார், வெட்ட முடியாத மலைக் கட்டத்தை விட்டுக் காயை நகர்த்தவே பயப்படுகிறவன் யார் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு சொந்தக்காரப் பையன் தோற்றுப்போய்க் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி ஆச்சி என் சித்தப்பாவிடம், “ஏலே, அவனுக்கு நம்ம வீட்டுப் பொண்ண குடுத்துராதீங்க” என்றாள். குடுக்கவும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆடும்போது மனிதன் மறைக்க மாட்டான். வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறோம், பேச்சையும் இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறோம். ஆட்டத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கோபம், பேராசை, பயம், பிடிவாதம் எல்லாம் கட்டத்தின் மேல் வந்து விழும். ஆச்சிக்குத் தெரிந்தது ஒரு திண்ணை அளவுக்குத்தான். அவளும் எதிரே உட்கார்ந்து ஆடினாள், அவள் ஆடுவதையும் நாங்கள் பார்த்தோம். செல்போன் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்றே நமக்குத் தெரியாது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். பொம்மை வரைவதும் இசை போடுவதும் வேறு ஆட்கள். நான் லாக் படிக்கிறவன். நீங்கள் ஆட்டத்தில் எதைச் செய்தாலும் அது ஒரு வரியாக எங்கள் சர்வருக்கு வந்துவிடும். திறந்தால் ஒரு வரி, லெவல் தொடங்கினால் ஒரு வரி, தோற்றால் ஒரு வரி, கடைப் பக்கத்தைத் திறந்து விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் மூடினால் அதற்கும் ஒரு வரி. எத்தனை நொடி பார்த்தீர்கள் என்பதும் அதில் இருக்கும். போன் என்ன மாடல், பேட்டரி எவ்வளவு மிச்சம், எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள், எந்த ஊர்ப் பக்கம் என்பதும் கூடவே வரும். ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான வரிகள். அதைக் கூட்டிக் கழித்து டாஷ்போர்டில் படமாகக் காட்டுவதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

ஒரு நாள், ஏதோ ஒரு பிழையைத் தேடப்போய், ஒரே ஒரு ஆட்டக்காரரின் வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். பெயர் கிடையாது, நீளமான ஒரு எண் மட்டும்தான். அந்த எண் ராத்திரி 2 மணி 40 நிமிடத்துக்கு ஆட்டத்தைத் திறக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆடுகிறது. மூடுகிறது. மறுபடி 5 மணிக்குத் திறக்கிறது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. சில சமயம் லெவலின் நடுவில் சட்டென்று நின்றுவிடும், மூன்று நான்கு நிமிடம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையில் எந்த இடத்தில் விரல் படுகிறது என்பதும் எங்களிடம் இருந்தது. எல்லாம் வலது கைக் கட்டைவிரல் எட்டுகிற இடம். இன்னொரு கை வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தின் சத்தம் எப்போதும் அணைத்தே இருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். இரண்டு பிள்ளை பெற்றவர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “பச்சப்புள்ளக்காரிப்பா இது. பால் குடுத்துக்கிட்டே ஆடுறா” என்றார்.

அக்கா சொன்னபிறகு அந்த வரிகளை என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை. எங்கோ ஒரு வீட்டில், விளக்குப் போடாத அறையில், மடியில் பிள்ளையோடு, தூக்கத்தை விரட்ட எங்கள் ஆட்டத்தின் மிட்டாய்ப் பொம்மைகளைத் திரையில் நகர்த்திக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவளுடைய வீட்டுக்காரருக்குக்கூட அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு நிமிடம் தவறாமல் தெரிந்திருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்த விஷயத்தை நான் இத்தனை வருடம் சுமந்துகொண்டிருக்க மாட்டேன். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில், நள்ளிரவில் ஆடுகிறவர்கள் பகலில் ஆடுகிறவர்களைவிடச் சீக்கிரம் மனம் தளர்ந்து காசு கொடுக்கிறார்களா என்று கேட்டார்கள். நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கிறார்கள். உடனே ஒரு சலுகை தயாரானது. ராத்திரி 2 மணிக்கு மேல் ஒரே லெவலில் மூன்று தடவை தோற்றால் 29 ரூபாய்க்கு ஐந்து உயிர். அந்த எண் என்ன செய்கிறது என்று பார்த்தேன். முதல் நாள் மூடிவிட்டது. இரண்டாம் நாள் ஏழு நொடி பார்த்துவிட்டு மூடியது. மூன்றாம் நாள் வாங்கிவிட்டது. 29 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில், அந்த அசதியில் அவள் வாங்குவாள் என்பது அவளுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எங்களிடம் அவள் பெயர் கிடையாது. போன் நம்பர் கிடையாது. முகவரி கிடையாது. “உங்கள் பெயர் விவரங்களைச் சேகரிப்பதில்லை” என்று எங்கள் கொள்கைப் பக்கத்தில் எழுதியிருந்தது, அது பொய்யும் இல்லை. நம் ஊரில் தனியுரிமை என்றாலே ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி என்றுதான் நினைக்கிறோம். அதுவும் முக்கியம்தான். ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு உங்கள் பெயர் வேண்டாம். உங்கள் பழக்கம் போதும்.

இது எங்கள் நிறுவனத்தின் தனிக் கதை இல்லை. ஃபார்ம்வில் ஆட்டத்தை நடத்திய ஸிங்கா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், நாங்கள் விளையாட்டு நிறுவனம் மாதிரி வேடம் போட்டிருக்கும் தரவு ஆய்வு நிறுவனம் என்று 2010 வாக்கிலேயே வெளிப்படையாகச் சொன்னார். நிறையச் செலவழிக்கும் ஆட்டக்காரரை இந்தத் தொழிலில் திமிங்கிலம் என்பார்கள். மனிதர்களுக்கு வைத்த பெயர் இது. 2017-ல் ஆக்டிவிஷன் என்ற ஆட்ட நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஒரு புதியவரை, விலைகொடுத்து வாங்கிய ஆயுதம் வைத்திருக்கும் கெட்டிக்காரரோடு சேர்த்துவிட்டால், புதியவருக்கும் அந்த ஆயுதத்தின் மேல் ஆசை வரும். யாரை யாரோடு ஆடவைப்பது என்பதையே அப்படித் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. எந்த ஆட்டத்திலும் இதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். அப்படி ஒன்றை யோசித்து எழுத, யாருக்கு எதன் மேல் ஆசை என்ற கணக்கு கையில் இருக்கவேண்டுமே.

“நான் தனியாக ஆடுகிற ஆட்டம்தான், இன்டர்நெட்டே வேண்டாம்” என்று சிலர் நினைக்கலாம். ஆஸ்திரியாவில் நொய்ப் என்றொரு தனியுரிமை அமைப்பு இருக்கிறது. யுபிசாஃப்ட் என்ற ஆட்ட நிறுவனத்தின் மேல் 2025 ஏப்ரலில் அது ஒரு புகார் கொடுத்தது. கற்காலத்தில் நடக்கும் ஃபார் க்ரை பிரைமல், ஒரே ஆள் ஆடுகிற ஆட்டம். அதைப் பத்து நிமிடம் ஆடிய ஒருவர் தன் கணினியைக் கவனித்தபோது, ஆட்டம் 150 தடவை வெளியே தொடர்பு கொண்டிருந்தது. குகையில் வேட்டையாடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு 150 தடவை யாரிடம் என்ன சொல்ல இருக்கிறது? அவர் கேட்டதும் அதைத்தான்.

அப்புறம் எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “நாங்கள் பேசினதைப் பற்றியே விளம்பரம் வருதே, போன் ஒட்டுக்கேட்குதா?” நாம் பேசுவதை எல்லாம் கேட்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதைச் சொல்லமுடியும். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அல்ஃபோன்ஸோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள், கூகுள் ப்ளே கடையில் இருந்த சுமார் 250 ஆட்டங்களுக்குள் இருந்தது. போனின் மைக் வழியாக, வீட்டில் டிவியில் எந்த விளம்பரம் ஓடுகிறது என்று அது கேட்டுத் தெரிந்துகொண்டது. மனிதர் பேச்சைப் பதிவு செய்வதில்லை, அனுமதி வாங்கித்தான் செய்கிறோம் என்றது அந்த நிறுவனம். அனுமதி என்பது என்ன? ஆட்டம் திறந்ததும் ஒரு பெட்டி வரும், “சரி” என்று தட்டுவோம். பந்து உருட்டுகிற ஆட்டத்துக்கு மைக் எதற்கு என்று தட்டும்போது யாருக்குத் தோன்றுகிறது?

இன்னும் கொஞ்ச நாளில் கண்ணுக்கு மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டுகள் நம் வீடுகளுக்கும் வந்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். பீட் சேபர் என்று, அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாட்டுக்கு ஏற்பக் கையை வீசி ஆடும் ஆட்டம். அதை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் தலை, கை அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 100 நொடி அசைவைக் கொடுத்தால் அது யாருடையது என்று 94 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது. தெருமுனையில் வருவது யார் என்று நடையை வைத்தே சொல்கிறோம் இல்லையா, அதேதான். ஆனால் 55,000 பேரின் நடையை மனதில் வைத்திருக்கிற ஆள் தெருவில் கிடையாது. பெயர் வேண்டாம் என்று சொன்னேனே, இப்போது பழக்கமே பெயராகிவிட்டது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், இதற்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன், கடிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதில் 27 கோடியே 50 லட்சம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரைக் கேட்காமல் எடுத்ததற்கான அபராதம். மிச்சம், ஆட்டக்காரர்களை ஏமாற்றி வாங்கவைத்ததற்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி சிறுவர்களுக்கும் தானாகவே திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி நிறுவனத்தின் ஊழியர்களே 2017-லிருந்து கேட்டிருக்கிறார்கள் என்று ஆணையம் சொன்னது. அந்த ஊழியர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களாவது வாயைத் திறந்து கேட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது ஆகாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்கள் நடத்தையைப் பின்தொடரக்கூடாது, அதை வைத்து விளம்பரம் காட்டக்கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஆனால் ஆட்டத்தை ஆடுவது பெரியவரா பிள்ளையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். போனில் அமைப்புகளுக்குள் போய், எந்தெந்த ஆட்டத்துக்கு மைக் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள், தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். விளம்பரம் காட்டுகிறவர்கள் உங்கள் போனை அடையாளம் கண்டுகொள்ள விளம்பர அடையாள எண் என்று ஒன்று இருக்கும், ஆண்ட்ராய்டில் அதை அழித்துவிடலாம். இன்னொன்று, ஆட்டத்தை முதலில் திறக்கும்போது பிறந்த வருடம் கேட்கும். எண்ணைச் சுழற்றிவிட்டு, கிடைத்ததைத் தட்டிவிடுவார்கள் பிள்ளைகள். அப்புறம் அந்த ஆட்டத்துக்கு உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை முப்பது வயது ஆள். உங்கள் வீட்டில் எந்த வருடத்தைத் தட்டியிருக்கிறார்கள் என்று இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், தப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள். வணக்கம்.