15 நிமிடம் என்று வந்தவர் 6 மணி நேரம் இருந்தார்! குடியை நிறுத்த உதவும் கூட்டத்தை உங்கள் ஊரில் தேடுவது எப்படி?

[திரையில்: பழைய ஹோட்டல் முன்கூடத்தின் ஓவியம்]

ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். நடுவில் ஒருவர் நிற்கிறார். குடியை விட்டு 5 மாதம்தான் ஆகிறது. தொழில் விஷயமாக வந்த இடத்தில் காரியம் கெட்டுவிட்டது, கையில் காசும் குறைவு. எந்தப் பக்கம் போனார்?

வணக்கம். இது நடந்தது 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரத்து மேஃப்ளவர் ஹோட்டலில். அவர் பெயர் பில் வில்சன், பங்குச்சந்தையில் இருந்தவர். அவர் டெலிபோன் பக்கம் போனார். யாரிடமும் பணம் கேட்கவில்லை. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார்! ஒரு பாதிரியாரைப் பிடித்து, அவர் வழியாக ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சீபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு அறுவை மருத்துவர் குடியால் சீரழிந்துகொண்டிருந்தார். அவர்தான் டாக்டர் பாப் ஸ்மித்.

மறுநாள் மாலை 5 மணிக்கு பில்லைச் சந்திக்க பாப் வந்தார். முந்தைய நாள் குடித்த தலைவலி வேறு. 15 நிமிடம்தான் இருப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர், எழுந்தபோது இரவு 11 மணியைத் தாண்டிவிட்டது.

அந்த 6 மணி நேரத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பாப்புக்குக் குடியின் கெடுதல் தெரியாதா? அவரே டாக்டர். மனைவி கெஞ்சியிருக்கிறார், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார், பிரார்த்தனைக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறார். ஆனால் பில் அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். காலையில் கை நடுங்குவது, பாட்டிலை ஒளித்து வைப்பது, சத்தியம் செய்துவிட்டு அன்றைக்கே உடைப்பது எல்லாம் பட்டவன் வாயிலிருந்து வந்தது. இடையில் ஒருமுறை சறுக்கினாலும், பாப் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, அதாவது ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இன்று அதன் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன, தமிழிலேயே. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவிக்கான டெலிமானஸ். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று அங்கேயே கேளுங்கள்.

இப்போது என் சித்தப்பா கதை. முதல் கூட்டத்துக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட வகுப்பறை, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சு. அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா திரும்பி நடந்துவிட்டார். அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த ஊரில் வேறொரு கூட்டம். வாசலில் நின்ற பெரியவர், பெயர்கூடக் கேட்காமல், "சாப்பிட்டீங்களா?" என்றார். சித்தப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே பேசியதை நான் சொல்ல மாட்டேன், அது அங்கே இருந்தவர்களுக்குச் சொந்தம்.

அதனால் என் கருத்து இது. ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு "இது எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டாதீர்கள். நாலைந்து கூட்டமாவது போய்ப் பாருங்கள். சொந்த ஊர் கூச்சமாக இருந்தால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுங்கள். வழக்கமாகக் கை பாட்டிலைத் தேடும் நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பிடியுங்கள். மாலை 7 மணிதான் உங்களுக்குக் கஷ்டம் என்றால் ஞாயிறு காலைக் கூட்டம் மட்டும் போதாது. கூடவே யாரையாவது அழைத்துப் போவதானால், அது எல்லோருக்கும் திறந்த கூட்டமா, குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டுமா என்று முன்பே கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு "கியாரண்டி" தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.

இது பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகள், 10,000-க்கு மேற்பட்டவர்களை அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2020-ல் வந்தது. குடிக்காமலே தொடர்வதில் ஏ.ஏ. பாதை மற்றப் பிரபலமான சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்றது.

அக்கா, அம்மா, இதைப் பார்ப்பது நீங்கள் என்றால், அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் இன்னொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கியது அது. அவரும் உங்களைப் போல ராத்திரி வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்தான்.

உங்கள் ஊரில் கூட்டம் நடப்பது தெரிந்தால் கீழே கிழமையும் நேரமும் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். இன்று ராத்திரி யாரோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.