உயிருள்ள செல்லுக்குள் தங்கத் துகள் சொல்லும் செய்தியை நம்பலாமா?

சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர், “செல்லுக்குள் தங்க நானோ துகளைச் செலுத்தி அதன் வேதியியலை அறிகிறார்கள் என்றீர்கள், அந்த உலோகமே செல்லைக் கெடுத்துவிடாதா, பிறகு அது தரும் செய்தியை எப்படி நம்புவது?” என்று கேட்டிருக்கிறார். மிகவும் நியாயமான கேள்வி.

துகள் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1928-இல் ராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் கண்டறிந்தபடி, மூலக்கூறின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒளி மிகவும் மங்கலானது. தங்கத் துகளின் மீது லேசர் படும்போது அதன் எலெக்ட்ரான்கள் ஒளியுடன் சேர்ந்து அலைவுறுவதால், பரப்பை ஒட்டிய சில நானோமீட்டருக்குள் மின்புலம் பெருகி, அங்குள்ள மூலக்கூறுகளின் ராமன் ஒளி பல மடங்கு வலுக்கிறது.

செல்லின் அமிலத்தன்மையை அளக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். துகளின் மேல் பூசப்படும் மெர்காப்டோபென்சாயிக் அமிலம் என்னும் மூலக்கூறின் கந்தக முனை தங்கத்தைப் பற்றிக்கொள்ள, மறுமுனையிலுள்ள கார்பாக்சில் தொகுதி, சூழலின் அமிலத்தன்மைக்கு ஏற்பப் புரோட்டானை வைத்திருக்கும் அல்லது இழக்கும். புரோட்டானை இழந்தால் நிறமாலையில், நிற மாற்றத்தின் அளவைக் குறிக்கும் அலை எண் 1,420 செ.மீ.⁻¹-ஐ ஒட்டி ஒரு முகடு உயரும். அதே மூலக்கூறிலுள்ள பென்சீன் வளையத்தின் முகடோ பெரிதாக மாறாது. இவ்விரண்டின் விகிதத்திலிருந்து, அமிலத்தன்மையின் அளவுகோலான பி.எச். மதிப்பைக் கணக்கிடுவதால், அங்கே எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பது முடிவைப் பெரிதும் பாதிக்காது.

இனி, கெடுதல் பற்றி. வெள்ளி பொதுவாக இன்னும் வலுவான சமிக்ஞை தரும். ஆனால் அதிலிருந்து கரையும் அயனிகள் செல்லுக்கு நஞ்சு என்பதால், உயிருள்ள செல்களில் எளிதில் வினைபுரியாத தங்கத்தையே பெரிதும் விரும்புகிறார்கள். ஆயினும் அளவு, மேற்பூச்சு, செறிவு ஆகியவற்றைப் பொறுத்துத் தங்கமும் தீங்கு செய்யக்கூடும். எனவே துகள் இல்லாத செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. செல் தானாக விழுங்கும் துகள், பெரும்பாலும் எண்டோசோம் என்னும் சவ்வுப் பைக்குள்ளேயே தங்கி, பிறகு செல்லின் செரிமானப் பையான லைசோசோமைச் சென்றடைகிறது. லைசோசோமின் பி.எச். ஏறத்தாழ 5, அதாவது அமிலத்தன்மை மிகுந்தது; பைகளுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் அது 7-ஐ ஒட்டியது. துகள் தன்னைத் தொட்டிருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசுவதால், பைக்குள் அளந்ததைச் ‘செல்லின் பி.எச்.’ என்று எழுதுவது தவறு. துகள் எங்கே இருந்தது என்பதை நுண்ணோக்கிப் படத்துடன் காட்டாத ஆய்வை நான் அரைகுறையானதாகவே கருதுவேன்.